பொந்துகளைச் சேர்த்தவன்

உரும்பிராயில் எங்கள் வளவுக்கு மூன்று வளவு தள்ளி, 1971ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு தோட்டக் கிணறு வெட்டினார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகங்களை விறாந்தையில் எறிந்துவிட்டு அங்கே ஓடிவிடுவேன். மேலே ஆறேழு அடி செம்பாட்டு மண். மண்வெட்டிக்கு அது இலகுவாக இடம்விட்டது. அதன் கீழே கல். அலவாங்கும் சம்மட்டியும் வெடிமருந்தும் அங்கேதான் இறங்கின. வெட்ட வந்தவர்களில் மூத்தவரை எல்லோரும் அப்பு என்றே கூப்பிட்டார்கள். வெடிக்குத் துளை போடும் இடத்தை அவர்தான் காட்டுவார். அலவாங்கின் மொட்டைப் பக்கத்தால் கல்லில் ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கணம், இரண்டடி தள்ளி இன்னொரு தட்டு. பிறகு கரிக்கட்டியால் ஒரு புள்ளடி.

ஒரு பின்னேரம், வெடித்து மேலே ஏற்றிய கல்லுக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். உடைந்த ஒரு துண்டின் முகத்தில், திருகாணி போலச் சுற்றிச் சுற்றி உள்ளே போகும் ஒரு பொந்து. சுருள் சிப்பி ஒன்றைக் கோதுமை மாவில் அமுக்கி எடுத்தால் விழும் பள்ளம் எப்படியோ அப்படி. சிப்பியைக் காணவில்லை. அதன் வரி வரியான வடிவம் மட்டும் கல்லில் பதிந்து கிடந்தது.

"அப்பு, உதுக்குள்ளை இருந்த ஊரி எங்கை?"

அவர் வாங்கிப் பார்த்தார். சின்னி விரலைப் பொந்துக்குள் விட்டுத் திருப்பினார்.

"தண்ணி திண்டுபோட்டுது தம்பி. இப்பிடிப் பொந்துக் கல்லு வந்திட்டுதெண்டா இனி ரண்டு முழத்திலை ஊத்து வரும்."

மூன்றாம் நாள் ஊற்று வந்தது. அந்தக் கல் என்னோடு வந்தது. சிப்பியைத் தண்ணீர் தின்றது என்ற அந்த ஒரு வசனத்தின் இரசாயனத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் பத்து வருடங்கள் பிடித்தன.

பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கப் போனபோது, என் ஊர்க் கல்லுக்கு அங்கே பெரிய மரியாதை இருக்கவில்லை. இலங்கைத் தரையின் பத்தில் ஒன்பது பங்கு பளிங்குருப் பாறை. நூறு கோடி ஆண்டுக் கணக்கில் வயது சொல்லப்படுவது. மாணிக்கம், காரீயம் எல்லாம் அதற்குள்தான். இந்நாட்டின் கனிப்பொருள் அளவையை 1903 முதல் 1906 வரை நடத்திய ஆனந்த குமாரசுவாமியும் அந்தப் பாறைகளைத்தான் அதிகம் ஆராய்ந்தார். கலைவரலாறு எழுதியவராகவே அவரை நம்மவர்கள் அறிவார்கள். தோரியனைற்று என்ற கனிமத்தை உலகுக்குக் காட்டியவர் அவர் என்று ஊரில் சொன்னால், "அவர் நடராசர் சிலையைப் பற்றி எழுதினவரெல்லோ?" என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒருவர்தான். தகப்பன் வழியில் எங்கள் பக்கத்து மனிதர் என்பதால் அவர் பெயரை விடுதியில் நான் அடிக்கடி இழுப்பதுண்டு. வேறு பெருமைக்கு வழியில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல்லோ மயோசின் காலத்தது. இரண்டு கோடி ஆண்டுக்கு உட்பட்டது. "உங்கடை கல்லு நேற்றுப் பிறந்த கல்லு" என்று சக மாணவன் ஒருவன் பகிடி பண்ணுவான்.

ஆனால் மற்றக் கல்லுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு. இதற்குள் உயிர் கிடக்கிறது. மாணிக்கக் கல் தோண்டும் இரத்தினபுரிச் சரளை மண்ணில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எலும்புகளை எடுத்து பி. ஈ. பி. தெரணியகல பல ஆண்டுகள் எழுதினார். அவை மிகப் பிந்திய காலத்தவை. அதற்கு முந்திய கடல்வாழ் உயிர்ச்சுவடுகளைத் தேடுகிறவர், புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை ஓடும் இந்த வடமேற்குச் சுண்ணக்கல்லுக்கு வரவேண்டும். அல்லது தென்கிழக்கே மினிகாகல்கந்தைக்குப் போகவேண்டும்.

என் கிணற்றுக் கல்லில் ஒரு மூலையை அரிந்து, ஆய்வுகூடத்தில் மென்சீவல் செய்தேன். கல்லைக் கண்ணாடித் தட்டில் ஒட்டி, காபொரண்டத் தூளில் தேய்த்துத் தேய்த்து 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குக் கொண்டுவரவேண்டும். முதல் மூன்று சீவலும் தேய்ந்து இல்லாமலே போய்விட்டன. நான்காவதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது, வெறும் வெள்ளைக் கல் என்று நினைத்திருந்தது முழுவதும் ஓடுகளாக இருந்தது. தேன்கூட்டின் அறைகள் போல வளையம் வளையமாக அடுக்கிய தட்டைத் தட்டையான ஓடுகள். அவை போராமினிபெரா என்னும் ஒற்றைக்கல உயிர்களின் வீடுகள். அவற்றுள் ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரியது: தபெரினா மலபாரிக்கா.

அந்தப் பெயரில் இருக்கும் மலபாரை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பாயில் இருந்த எச். ஜே. கார்ட்டர் என்ற வைத்தியர், கேரளத்துக் கொல்லம் சுண்ணக்கல்லில் கிடைத்த இந்த உயிருக்கு 1853இல் பெயர் வைத்தார். எழுபது ஆண்டு கழித்து, இலங்கையில் கனிப்பொருள் அளவையில் வேலை செய்து பின்பு உகண்டாவுக்குப் போன ஈ. ஜே. வேலண்டும், இலண்டனில் இருந்த ஏ. மோர்லி டேவிசும் இலங்கையின் மயோசின் படிவுகளைப் பற்றி 1923இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யாழ்ப்பாணக் கல்லின் வயதைப் பற்றிய பேச்சு இன்றுவரை அந்தக் கட்டுரையில்தான் தொடங்குகிறது. கொல்லத்தில் இருப்பதும் இங்கே இருப்பதும் ஒரே உயிர் என்றால் இரண்டு கல்லும் ஏறத்தாழ ஒரே காலத்தவை, ஒரே மாதிரியான ஆழமற்ற இளஞ்சூட்டுக் கடலில் படிந்தவை. காலம் என்ற பெரிய சங்கதியைச் சொல்வதற்கு ஒரு உழுந்தளவு ஓடு போதுமாக இருந்தது.

ஆழமற்ற கடல் என்று எப்படிச் சொல்வது என்று பிற்பாடு என் மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களை மண்டைதீவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போவேன். கரையில் ஒதுங்கிய சாதாழையைத் தோட்டத்துக்குப் பசளையாக அள்ளுவது எங்கள் வழக்கம். புதிதாக ஒதுங்கிய இலை ஒன்றை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்வேன். இலையில் ஒட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகச் சின்னத் தட்டுகள். அந்தப் பழைய உயிரின் தூரத்து உறவுகள். வெளிச்சம் அடியில் விழுகிற, கடற்புல் வளர்கிற ஆழத்தில்தான் இவை சீவிக்கும். உரும்பிராய்க் கிணற்றின் அடியில் ஒரு காலம் சாதாழைப் புல்வெளி இருந்தது என்பதை நம்ப வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி அந்தப் பொந்து. கடல் உயிர்கள் ஓடு கட்டுவது கல்சியம் காபனேற்றால். ஆனால் அது இரண்டு வகையாகப் பளிங்காகும். நத்தை இனங்களும் முருகையும் பெரும்பாலும் அரகோனைற்றால் கட்டுகின்றன. கடற்சிப்பியும் கடல்முள்ளியும் கல்சைற்றால். மழைத் தண்ணீர் மண்ணுக்குள்ளால் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது முதலில் தின்பது அரகோனைற்றை. அதனால் எங்கள் கல்லில் கடல்முள்ளி முழுசாகக் கிடைக்கும், கடற்சிப்பி முழுசாகக் கிடைக்கும், சுருள் நத்தை மாத்திரம் இருந்த இடமே மிஞ்சும். அதே தண்ணீர் விரிசல்களில் தொடர்ந்து ஓடி, ஓடு கரைந்த பொந்தை விரல் அகலமாக்கி, கை அகலமாக்கி, கடைசியில் ஆள் நுழையும் குகையாக்கும். ஆறு இல்லாத குடாநாடு இது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறு என்று சொல்லிக்கொள்கிறோம். எங்களுடைய உண்மையான ஆறுகள் இந்தப் பொந்துகளுக்குள் கிடக்கின்றன. அப்பு ஒரு மூச்சில் சொன்னதை நான் ஒரு பந்தியில் சொல்லியிருக்கிறேன்.

சேகரிப்பவனுக்கு இது ஒரு வில்லங்கம். இல்லாததை எப்படிச் சேகரிப்பது? வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இரப்பர்ப் பாலை ஊற்றி வார்ப்பெடுப்பார்கள். நான் சட்டி பானை வனைகிறவர்களிடம் நன்றாகக் குழைத்த களிமண் வாங்கிவந்து, பொந்துக்குள் அமுக்கி, அரைக் காய்ச்சலில் மெதுவாகத் திருகி எடுப்பேன். பத்துக்கு ஆறு உடையும். உடையாமல் வந்த நாலில், ஏறத்தாழ இரண்டு கோடி வருடத்துக்கு முந்திய நத்தையின் முதுகு வரி களியில் எழுந்து நிற்கும்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம், தென்மராட்சியில் கடல்நீரேரிக்குப் பக்கத்துத் தரவை ஒன்றில் கிணறு தோண்டும்போது ஆறடியில் சங்குகள் வந்தன. முழுச் சங்குகள், பால் போல வெள்ளை. பதினொன்றைத் துடைத்து, எண் போட்டு, மயோசின் என்று எழுதி, பெருமையோடு ஒரு மூத்த ஆய்வாளர் முன் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "மினுக்கம் போகேல்லை. அரகோனைற்று அப்பிடியே கிடக்கு. உன்ரை மயோசின் கல்லிலை ஒரு சங்கெண்டாலும் உப்பிடிக் கிடைச்சதோ?" என்றார். கிடைக்கவில்லை. பொந்துதான் கிடைத்தது. அவை சில ஆயிரம் ஆண்டுக்கு முன், கடல்மட்டம் இப்போதையதைவிடச் சற்று உயர்ந்திருந்த நாளில் செத்துப் புதைந்த சங்குகள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நீரேரிச் சேற்றை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து, இப்படிப் புதைந்த சங்குகளைக் கிளறி எடுத்து வங்காளத்து வளையல்காரருக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தாலே எனக்கு அந்த வெட்கம் வந்திருக்காது. பனிக்கட்டிக் காலத்தில் கடல் 120 மீற்றர் வரை இறங்கி, பாக்கு நீரிணை முழுவதும் தரையாகக் கிடந்ததும், பிறகு கடல் திரும்பி ஏறியதும் இதே மண்ணின் கதைதான். ஒரு கிணற்றுக்குள் இரண்டு கடல் இருக்கும். எந்தக் கடலின் சங்கு என்று பார்க்காமல் எண் போடக்கூடாது.

சம்பளம் தந்த வேலை உயிர்ச்சுவடு அல்ல, நிலத்தடி நீர். சைக்கிளில் ஒரு மின்கடத்துதிறன் மானியும் நூறு அடி நாடாவும் கட்டிக்கொண்டு, கிணறு கிணறாகப் போய் உப்பு அளப்பேன். 1960களில் துலாவை ஓரங்கட்டி இறைப்பு மெசின் வந்த பிறகு வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செழித்தன. கரையோரக் கிணறுகள் உவராகத் தொடங்கின. நன்னீர் கடல்நீரைவிட இலேசு என்பதால் அதன் மேல் வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி நன்னீர் இருக்கும். கணக்கைப் புரட்டிப் பார்த்தால் பயங்கரம். இறைத்து ஒரு அடியைக் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். தோட்டக்காரரிடம் இதைச் சொல்ல நான் ஒரு செம்பையும் வாளியையும் பாவிப்பேன். வாளித் தண்ணீரில் மிதக்கும் செம்புக்கு எவ்வளவு பகுதி உள்ளே இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். தலையாட்டுவார்கள். அடுத்த கோடையில் தண்ணீர் சவர்க்கிறது என்று இன்னும் இருபது அடி ஆழமாகக் குழாய் இறக்குவார்கள். ஆழம் போனால் நல்ல தண்ணீர் என்பது மலைநாட்டு நியாயம். இங்கே அது நேரே கடலுக்கு இறங்கும் வழி.

நிலாவரையில் இதைக் கண்ணால் காணலாம். இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது, அடியே இல்லாதது, அங்கே போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்றெல்லாம் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த கிணறு. மேற்கூரை இடிந்து விழுந்த சுண்ணக்கல் குகை அது. அடி உண்டு. போத்தலில் கயிறு கட்டி, வேண்டிய ஆழத்தில் மூடியை இழுத்துத் திறக்கும் ஒரு உபகரணத்தை நாங்களே செய்துவைத்திருந்தோம். மேலே எடுத்த போத்தல் குடிக்கலாம். கீழே போகப் போக மானியின் முள் ஏறும். கடைசிப் போத்தலை நாக்கில் வைத்தால் கடல். தேசிக்காயைப் பற்றி நான் ஊரில் வாதாடுவதில்லை. பாறைக்குள் நீர் ஓடும் பாதைகள் உண்டு என்பதை எங்கள் கல்வெட்டிகளும் பூசாரிமாரும் எனக்கு முன்பே அறிந்திருந்தார்கள். தேசிக்காயை அளவுகருவியாகச் சொன்னதுதான் கொஞ்சம் மிகை.  

யுத்த காலத்தில் வேலை நடந்த விதம் இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது. அமிலம் கொண்டுவர முடியாது. சுண்ணக்கல்லா என்று பார்க்க, கல்லைச் சுரண்டிய தூளில் தேசிக்காய்ப் புளியைப் பிழிவேன், நுரைத்தால் சரி. வெடிமருந்து இல்லாததால் கிணறுகளை மறுபடி அலவாங்கால் வெட்டினார்கள். எனக்கு அது நன்மையாயிற்று, ஏனென்றால் கல் தூளாகாமல் கட்டியாக வந்தது. சோதனைச்சாவடி ஒன்றில் என் பையைக் கவிழ்த்துக் கொட்டிய இளைஞன், இருபது கிலோ கல்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, நீ போகிற ஊரில் கல் இல்லையா என்று கேட்டான். நியாயமான கேள்வி.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு எங்கள் வலிகாமம் முழுவதும் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, என் வீட்டுச் சாய்ப்பில் நானூற்றுச் சொச்சம் மாதிரிகள் பெட்டி பெட்டியாக இருந்தன. கல்லை யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்? ஒவ்வொன்றும் எந்தக் கிணறு, எத்தனை அடி, மேலே என்ன படை, கீழே என்ன படை என்று கடதாசித் துண்டில் எழுதிக் கட்டியிருந்தேன். அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தோம். கல் ஒன்றும் களவு போகவில்லை. பெரிய மூன்றை யாரோ முற்றத்தில் அடுப்பாக வைத்து எரித்திருந்தார்கள். நெருப்புப் பட்ட பக்கம் வெளுத்து, விரலால் உரசினால் மாவாக உதிர்ந்தது. அது பரவாயில்லை. கடதாசிகளைக் கறையான் தின்றிருந்தது. ஒரு எழுத்து மிச்சமில்லை. அந்தக் கல்லும் றோட்டுக்குப் போடும் மக்கியும் அதன் பிறகு ஒன்றுதான். கிணற்றின் ஆழம் எழுதாத பொந்து யாருக்கும் ஒன்றும் சொல்லாது. சாய்ப்பில் அன்று முழுநாளும் உட்கார்ந்து, ஞாபகத்தில் இருந்து எத்தனைக்கு எழுதலாம் என்று பார்த்தேன். முப்பத்தொன்றுக்கு எழுதினேன். பிறகு அதிலும் ஏழின் மேல் நம்பிக்கை இல்லாமல் வெட்டினேன். மற்றவற்றைப் பெட்டியோடு கொண்டுபோய் ஒழுங்கையின் பள்ளத்தில் கொட்டினேன். அன்றிலிருந்து எனாமல் பெயின்ற்றால் கல்லிலேயே எழுதுவது.

காங்கேசன்துறைப் பக்கம் மறுபடி கால் வைக்க இன்னும் பல வருடம் போயிற்று. அங்கே 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, எங்கள் சுண்ணக்கல்லையும் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணையும் சேர்த்து எரித்து நாட்டுக்கே சீமெந்து கொடுத்தது. 1990இல் யுத்தத்தோடு நின்றது. அதற்காகத் தோண்டிய கிடங்குகள், மலையோ ஆற்றுப் பள்ளத்தாக்கோ இல்லாத எங்கள் தட்டை நிலத்தில், பாறையின் வெட்டுமுகத்தைக் காணக்கூடிய ஒரே பெரிய இடம். சூழலியல்காரர் அந்தக் கிடங்குகளைப் பற்றிக் கோபமாகப் பேசுவார்கள். உவர் ஏறிய கிணறுகளை அளந்தவன் என்ற முறையில் நானும் அவர்கள் பக்கம்தான். ஆனாலும் இராணுவத்தின் கையிலிருந்த நிலம் கட்டம் கட்டமாக விடுபட்ட காலத்தில் அந்த விளிம்பில் போய் நின்றபோது, இறங்கிப் பார்க்கவேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. பத்தை மூடிய சுவரில் கல்லைக் கரைத்துச் செங்குத்தாக இறங்கிய குழாய்கள், அவற்றுக்குள் சிவப்பாக அடைந்த செம்பாட்டு மண், நடுவே பொந்து பொந்தாக ஒரு படை. உரும்பிராயில் அப்பு தட்டிப் பார்த்த படை போலவே இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று நிறுவ என்னிடம் இருந்த ஒரே மாதிரி, என் முதல் மாதிரி, அந்த 1971ஆம் ஆண்டுக் கல், ஒழுங்கைப் பள்ளத்தில் கிடக்கிறது.

கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது. போன புரட்டாதியில், மாரிக்கு முன் தண்ணீர் ஆகக் கீழே இறங்கியிருந்த நாளில், வளவுக்காரரிடம் கேட்டு இறங்கினோம். இறங்கினது நானல்ல; எனக்கு இனி முழங்கால் விடாது. பெறாமகன் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். ஈரச் சாக்கில் சுற்றிய களி, நாடா, பெயின்ற் டப்பா எல்லாம் வாளியில் பின்னால் போயின. ஒவ்வொரு அடிக்கும் நின்று, சத்தம் எனக்குக் கேட்கும்படி சுவரைத் தட்டு என்று சொல்லியிருந்தேன். பத்தொன்பதாம் அடியில் சத்தம் மாறியது.

"பெரியப்பா, கிடக்கு. ரண்டு மூண்டு கிடக்கு. ஒண்டு நல்ல வடிவாய்ச் சுத்திக்கொண்டு போகுது."

களியை அமுக்கினான். காத்திருந்தோம். மேலே கிணற்றுக் கட்டில் நான் கொப்பியைத் திறந்து, ஊர், ஆழம், திகதி எழுதினேன்.

"கழட்டிட்டன். உடையேல்லை," என்றான் கீழிருந்து. பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நம்பரை எதிலை எழுதிறது? களியிலையோ, கல்லிலையோ?"

"ரண்டிலையும் எழுது," என்றேன்.